மெட்ஃபார்மின் கரைந்தால் போதுமா? இந்திய தலைமை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

உங்கள் அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் தரமற்ற மருந்துகளின் பட்டியலைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். மருந்தின் பெயர், பேட்ச் எண், தயாரித்த நாள், காலாவதி நாள், நிறுவனத்தின் பெயர், தேறாமல் போன காரணம் என்று அட்டவணை நீளும். காரணம் எழுதும் கட்டத்தில் திரும்பத் திரும்பத் தென்படுவது 'டிசல்யூஷன்' என்ற சொல். மாத்திரை குறித்த நேரத்துக்குள் குறித்த அளவு கரையவில்லை என்று அர்த்தம். எவ்வளவு கரைந்தது? 70 சதவீதமா, 20 சதவீதமா? ஆறு மாத்திரைகளைச் சோதித்தார்களா, 24-ஐயா? ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகள் இருந்தால் அவற்றில் கரையாதது எது? சில வரிகளில் மருந்தின் பெயராவது இருக்கிறது. எண்ணைத் தேடினால் கிடைப்பதில்லை.

தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது பார்மசி மாணவர்களுக்கு மருந்துப் பகுப்பாய்வு கற்பிக்கிறேன். கூட்டு மாத்திரைகளின் கரைவுச் சோதனை நம் நாட்டில் எப்படி நடக்கிறது, அதன் எண்கள் எப்படித் 'தேற்றப்படுகின்றன' என்பதை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். தேறாதவற்றின் பட்டியலை நீங்கள் வெளியிடுகிறீர்கள். என் கவலை, தேறியதாகச் சொல்லப்படும் கூட்டு மாத்திரைகளைப் பற்றியது.

கிளிமிப்பிரைட், மெட்ஃபார்மின் இரண்டும் சேர்ந்த சர்க்கரை மாத்திரை எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். கிளிமிப்பிரைட் 1 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம். மெட்ஃபார்மின் தண்ணீரில் தாராளமாகக் கரையும். கிளிமிப்பிரைட் அப்படியல்ல; அமில ஊடகத்தில், அதாவது அமிலத் தன்மையுள்ள திரவத்தில், கரையவே கரையாது என்று சொல்லலாம், காரப் பக்கம் போகப் போகத்தான் இளகும். அதனால்தான் தனி கிளிமிப்பிரைட் மாத்திரையை 7.8 பி.எச். கொண்ட பாஸ்பேட் கரைசலில் சோதிக்கிறோம். இப்போது இரண்டும் சேர்ந்த மாத்திரையை 900 மில்லிலிட்டர் ஊடகத்தில் போட்டுத் துடுப்பைச் சுழல விடுங்கள். எல்லாம் முழுதாகக் கரைந்தாலும் ஒரு மில்லிலிட்டரில் மெட்ஃபார்மின் சுமார் 555 மைக்ரோகிராம் இருக்கும், கிளிமிப்பிரைட் 1.1 மைக்ரோகிராம்தான். இரண்டும் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவது ஏறக்குறைய ஒரே இடத்தில்: மெட்ஃபார்மின் 233 நானோமீட்டர் அருகில், கிளிமிப்பிரைட் 228 அருகில். மெட்ஃபார்மினை அளப்பதற்காகக் கரைசலை 50 மடங்கு நீர்க்கச் செய்தால் கிளிமிப்பிரைட் 0.02 மைக்ரோகிராமாகச் சுருங்கிவிடும். அந்த அளவு, கருவியின் சொந்த நடுக்கத்திலேயே காணாமல் போகும். மெட்ஃபார்மினை அளப்பதில் ஒரே ஒரு சதவீதம் பிசகினாலும் அது 5 மில்லிகிராம். கிளிமிப்பிரைட்டின் மொத்த அளவைப் போல ஐந்து மடங்கு.

இந்த மாத்திரைக்கு, இரு அலைநீளங்களில் அளந்து இரண்டு சமன்பாடுகளைத் தீர்த்து இரு மருந்துகளையும் ஒரே நேரத்தில் கணக்கிடும் யூவி (புற ஊதா) முறை ஒன்று எங்கள் கூடத்துக்கு வந்தது. தயாரிப்பாளர் கொடுத்த முறை. பெயர் சொல்லி யாரையும் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல, அதனால் பெயர்களை விட்டுவிடுகிறேன். சோதனை தொடங்கும் முன் ஒரு குவளையில் மெட்ஃபார்மின் தரக் கரைசலை மட்டும் ஊற்றி, கிளிமிப்பிரைட்டைத் தொடாமலே அந்தச் சமன்பாட்டில் எண்களைப் போட்டுப் பார்த்தேன். இல்லாத கிளிமிப்பிரைட் தேறும் அளவுக்கு மேல் 'கரைந்திருப்பதாக' விடை வந்தது. அதே கரைசலின் அடுத்த குவளைக்கு விடை பூஜ்யத்துக்குக் கீழே போனது. மாத்திரையின் ஒளி உறிஞ்சல் வரைகோட்டையும் வெறும் மெட்ஃபார்மினின் வரைகோட்டையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். இரண்டு கோடுகள் இருப்பதே தெரியவில்லை. மேலாளரிடம் காட்டியபோது, "அங்கீகரிக்கப்பட்ட முறை, மாற்ற நமக்கு அதிகாரம் கிடையாது" என்றார். சான்றிதழ் போனது. அதில் இரு மருந்துகளும் தேறியிருந்தன.

கிளிமிப்பிரைட் சரியாகக் கரையாத மாத்திரையைச் சாப்பிடுபவருக்கு என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மடலை வேறு பலரும் படிப்பார்கள். அவருக்குச் சர்க்கரை இறங்காது. மருத்துவர் அளவைக் கூட்டுவார். அடுத்த மாதம் கடைக்காரர் வேறு நிறுவனத்தின் அட்டையைத் தருவார். அது ஒழுங்காகக் கரையும். கூட்டிய அளவு முழுதாக இரத்தத்தில் ஏறும்போது சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். வயதானவர் என்றால் விடியற்காலையில் மயங்கிக் கிடப்பார். அந்த மயக்கத்துக்கான காரணம் முந்தைய மாத்திரையில் இருந்தது என்று யாருக்கும் தோன்றாது.

அப்படிப்பட்ட முறை எப்படி அங்கீகாரம் பெறுகிறது? கோப்பைத் திறந்தால் எல்லாப் புள்ளியியலும் இருக்கும். நேர்கோட்டுத் தன்மைக்கு ஒட்டுறவுக் கெழு 0.9998 என்று இருக்கும். தனித்தனியாக, சுத்தமான கரைசல்களில் எடுத்த எண் அது. ஒன்றின் 500 மடங்கு இன்னொன்று கலந்திருக்கும்போது என்ன நடக்கும் என்பதைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தையும் பேசாது. அடுத்த பக்கத்தில், கலந்திருக்கும் மருந்துகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. முறையோடு ஒப்பீடு. மூன்று அல்லது ஆறு அளவீடுகள், இரு சராசரிகளுக்கு இடையே வேறுபாடு தெரிகிறதா என்று பார்க்கும் ஒரு டி-சோதனை, கீழே ஒரு வரி: 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, எனவே இரு முறைகளும் சமம்.'

அந்த 'எனவே'யை நான் ஏற்கமாட்டேன், ஐயா. வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவில்லை என்பதும் வேறுபாடு இல்லை என்று நிரூபித்தோம் என்பதும் இரு வேறு விஷயங்கள். அளவீடுகள் குறைவாக இருந்தாலும், முறை தாறுமாறாக ஆடினாலும் டி-சோதனையால் எந்த வேறுபாட்டையும் பிடிக்க முடியாது. ஒருவர் எவ்வளவு அலட்சியமாக அளக்கிறாரோ அவ்வளவு எளிதாக அவர் முறை 'சமம்' ஆகிவிடும். கவனமாக அளந்தவரோ சிறிய வேறுபாட்டுக்காகவும் மாட்டிக்கொள்வார். நேர்மையானவரைத் தண்டிக்கும் சோதனை இது. இதற்கு மாற்று புதிதாக எதையும் கண்டுபிடிப்பதல்ல. ஏற்கத்தக்க வேறுபாடு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, உண்மையான வேறுபாடு இரு பக்கமும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது என்று நிரூபிக்கச் சொல்லும் சமத்துவச் சோதனை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஒரு மாத்திரை மூல மாத்திரையைப் போலவே இரத்தத்தில் சேர்கிறதா என்று பார்க்கும் உயிர்ச்சமத்துவ ஆய்வில் நீங்களே அதைத்தான் கேட்கிறீர்கள். பகுப்பாய்வு முறைக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

சராசரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரைவுச் சோதனையின் மூன்று கட்டங்கள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். முதலில் ஆறு மாத்திரைகள். ஒவ்வொன்றும் நிர்ணய அளவுக்கு, அதாவது குறித்த நேரத்துக்குள் கரைய வேண்டும் என்று விதித்த சதவீதத்துக்கு, மேல் 5 சதவீதமாவது கூடுதலாகக் கரைய வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஆறு. 12-இன் சராசரி நிர்ணய அளவைத் தொட வேண்டும், எதுவும் அதற்குக் கீழே 15 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. அதிலும் தேறவில்லையென்றால் மேலும் 12. நல்ல விதிதான். அதன் உயிர் 'ஒவ்வொன்றும்' என்ற சொல்லில் இருக்கிறது. நான் பார்த்த அறிக்கைகள் பலவற்றில் அந்த ஒவ்வொன்றும் இருக்காது, சராசரி மட்டும் இருக்கும். நிர்ணயம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாத்திரைகள் 92, 91, 94, 93, 58, 62 என்று கரைந்தால் சராசரி 81.7. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இது நல்ல பேட்ச். உண்மையில் முதல் கட்டத்திலேயே இது விழுந்துவிட்டது. 58 என்ற ஒற்றை எண்ணால் இரண்டாம் கட்டத்திலும் விழும். 58-ஐயும் 62-ஐயும் யாரோ இருவர் விழுங்கியிருப்பார்கள்.

ஆறு மாத்திரைகளை மட்டும் பார்ப்பதன் வரம்பும் உண்டு. ஒரு பேட்சில் பத்தில் ஒரு மாத்திரை கரையாதது என்றால், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் ஆறில் ஒன்றுகூட மோசமானது அகப்படாமல் போக 53 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 24 எடுத்தால் அந்த வாய்ப்பு 8 சதவீதமாகக் குறையும். அதாவது, ஒரு தடவை தேறியது என்பதை வைத்து அந்த பேட்ச் நல்லது என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் தனித்தனி எண்கள் தேவை. 96, 95, 97 என்று தேறியதும் 81, 80, 82 என்று விளிம்பில் நின்று தேறியதும் உங்கள் ஏட்டில் ஒரே சொல்லாகத்தான் பதிவாகின்றன. விளிம்பில் நிற்கும் நிறுவனத்தை அடுத்த ஆண்டு மீண்டும் சோதிக்க வேண்டும் என்று யாருக்காவது எப்படித் தெரியும்?

நேரம் போகப் போக எவ்வளவு கரைகிறது என்று காட்டும் கரைவு வரைகோடுகளை ஒப்பிடும் எஃப்-2 என்ற எண்ணிலும் இதே பிரச்சினைதான். மூர், ஃபிளானர் இருவரும் 1996-இல் முன்வைத்த கணக்கு அது. விடை 50-க்கு மேல் வந்தால் புதிய மாத்திரையும் மூல மாத்திரையும் ஒத்துப்போகின்றன என்று கொள்கிறோம். எல்லா நேரப் புள்ளிகளிலும் 10 சதவீதம் வித்தியாசம் இருந்தால் கிட்டத்தட்ட 50 வரும். நான் வகுப்பில் போட்டுக் காட்டும் கணக்கு இது: முதல் மூன்று புள்ளிகளில் வித்தியாசம் 18, 14, 8 என்றால் எஃப்-2 சுமார் 43, தேறாது. இரண்டு மாத்திரைகளும் முழுதாகக் கரைந்து முடித்தபின் எப்படியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்தத் தட்டையான பகுதியிலிருந்து 2, 1, 0 என்ற வித்தியாசங்களுள்ள இன்னும் மூன்று புள்ளிகளைச் சேர்த்தால் விடை 50-ஐத் தாண்டிவிடும். மாத்திரை மாறவில்லை. புள்ளிகளைத் தேர்ந்தெடுத்த கைதான் மாறியது. 85 சதவீதம் கரைந்தபின் ஒரு புள்ளிக்கு மேல் சேர்க்கக் கூடாது என்ற விதி இதற்காகவே இருக்கிறது. விதியின்படி ஒன்றை மட்டும் சேர்த்தால் 46-தான் வரும். விதி நடைமுறையில் பின்பற்றப்படுகிறதா என்பதை, 12 மாத்திரைகளின் மூல எண்களைப் பார்க்காமல் யாராலும் சரிபார்க்க முடியாது. கூட்டு மாத்திரை என்றால் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே எஃப்-2 கணக்கிட வேண்டும். எளிதில் கரையும் மருந்தின் வரைகோட்டை மட்டும் இணைத்து அனுப்பிய கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் காச நோய் மாத்திரையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உலகின் காச நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். ரிஃபாம்பிசின் 150, ஐசோநயாசிட் 75, பைரசினமைடு 400, எதாம்புடால் 275 மில்லிகிராம் என்று நான்கையும் ஒரே மாத்திரையில் அடக்கித் தினமும் கொடுக்கும் முறைக்கு நம் தேசியத் திட்டம் 2017-இல் மாறியது. நோயாளிக்கு அது பெரிய ஆறுதல், அந்த முடிவை நான் முழு மனதோடு வரவேற்றவள். ஆனால் ஆய்வகத்தில் இது மிகவும் முரண்டு பிடிக்கும் மாத்திரை. வயிற்று அமிலத்தில் ரிஃபாம்பிசின் சிதையும். பக்கத்தில் ஐசோநயாசிட் இருந்தால் சிதைவு இன்னும் வேகமாகும். சிதைந்து உருவாகும் பொருளும் ரிஃபாம்பிசின் போலவே நிறமுள்ளது, 475 நானோமீட்டர் அருகே அதுவும் ஒளியை உறிஞ்சும். அந்த ஓர் அலைநீளத்தில் மட்டும் அளந்தால், அழிந்துபோன மருந்தின் ஒரு பகுதியையும் கரைந்த மருந்து என்று எண்ணிவிடுவோம். எதாம்புடாலோ வழக்கமான யூவி அளவீட்டில் கண்ணுக்கே தெரியாது. ரிஃபாம்பிசின் உடலில் சேர்வது நிரூபிக்கப்பட்ட கூட்டு மாத்திரைகளை மட்டுமே பயன்படுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுக் காசநோய் ஒன்றியமும் 1994-லேயே எச்சரித்தன. வீட்டிலிருந்தபடியே காச நோய்க்குச் சிகிச்சை பெறலாம் என்று உலகுக்கு நிரூபித்தது 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம். அந்த வரலாறு கொண்ட நாட்டில், ரிஃபாம்பிசின் எந்த முறையில் அளக்கப்பட்டது என்பதை ஒரு நோயாளியால் எங்கும் தெரிந்துகொள்ள முடியவில்லை. பாதி கரைந்த ரிஃபாம்பிசின், நோயைக் குணப்படுத்தாமல் கிருமிக்குப் பயிற்சி கொடுக்கும்.

கூட்டு மருந்துகளைப் பற்றி அரசு பேசவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தீர்கள். வழக்குகளுக்குப் பிறகு 2018 செப்டம்பரில் 328-க்குத் தடை வந்தது. 2024 ஆகஸ்டில் மேலும் 156. இந்த மருந்தோடு அந்த மருந்தைச் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்ற கேள்விக்கான விடைகள் அவை, தேவையான விடைகள். தடை செய்யப்படாத மீதி மாத்திரைகளுக்குள் எழுதப்பட்ட ஒவ்வொரு மருந்தும் உண்மையில் வெளியே வருகிறதா என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. எளிதில் கரையாத வகை மருந்துகளுக்கு உயிர்ச்சமத்துவ ஆய்வு கட்டாயம் என்று 2017 ஏப்ரலில் விதி வந்தது. அதற்கு முன்பே உரிமம் பெற்றுச் சந்தையில் இருக்கும் மாத்திரைகளுக்குக் கரைவுச் சோதனை ஒன்றுதான் காவல்.

எனவே நான் கேட்பவை இவை.

மாதப் பட்டியலில் கரைவுச் சோதனையில் விழுந்த ஒவ்வொரு மாத்திரைக்கும் எந்த மருந்து கரையவில்லை, நிர்ணய அளவு என்ன, ஒவ்வொரு மாத்திரையும் எத்தனை சதவீதம் கரைந்தது, எந்தக் கட்டத்தில் விழுந்தது, சோதித்தது ஃபார்மகோபியா (அரசு வெளியிடும் மருந்துத் தர நூல்) முறையிலா தயாரிப்பாளர் முறையிலா என்பதை வெளியிடுங்கள். அரசுப் பகுப்பாய்வாளரின் அறிக்கையை எதிர்க்கச் சட்டம் தயாரிப்பாளருக்கு 28 நாள் அவகாசம் தருகிறது. அந்த மாத்திரையை விழுங்கியவருக்கு ஒரு எண்ணையாவது தாருங்கள். சட்டத்தின் 26-ஆம் பிரிவின்கீழ் பணம் கட்டி மருந்தைச் சோதிக்கக் கொடுக்கும் பொதுமக்களுக்கும் இதே விவரங்களோடு அறிக்கை கிடைக்க வேண்டும். தேறிய மாதிரிகளின் தனித்தனி எண்களையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பொதுவெளியில் வையுங்கள்.

காசியாபாத்திலுள்ள இந்திய ஃபார்மகோபியா ஆணையத்தோடு சேர்ந்து, கூட்டு மாத்திரைகளுக்கான பகுப்பாய்வு முறைகளுக்கு ஒரு விதியை எழுதுங்கள்: ஒரு மருந்தை மட்டும் நீக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் கலந்து செய்த போலி மாத்திரையில், நீக்கிய மருந்தின் அளவு பூஜ்யம் என்று அந்த முறை காட்ட வேண்டும். காட்டாத முறைக்கு அங்கீகாரம் கூடாது. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்றவற்றுக்கும் இது பொருந்த வேண்டும். கிளிமிப்பிரைட் போல ஓரிரு மில்லிகிராம் மட்டுமே இருக்கும் மருந்துகளிலிருந்து தொடங்குங்கள். முறைகளை ஒப்பிட டி-சோதனையை மட்டும் ஏற்பதை நிறுத்தி, முன்கூட்டியே அறிவித்த எல்லைகளோடு சமத்துவச் சோதனையைக் கேளுங்கள். எஃப்-2 ஒவ்வொரு மருந்துக்கும் தனியே, 12 மாத்திரைகளின் மூல எண்களோடு வரட்டும். மாத்திரைக்கு மாத்திரை ஏற்ற இறக்கம் அதிகமாக இருக்கும் இடங்களில் சராசரியை நம்பாமல், அதே எண்களிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிடும் பூட்ஸ்ட்ராப் முறையில் எஃப்-2 எண்ணின் கீழ் எல்லையையும் கேளுங்கள்.

காச நோய்த் திட்டத்துக்கு வாங்கும் ஒவ்வொரு பேட்சுக்கும் நான்கு மருந்துகளின் கரைவு எண்களும் வெளியிடப்பட வேண்டும். ரிஃபாம்பிசினை அதன் சிதைபொருளிலிருந்து பிரித்துக் காட்டும் முறையில் மட்டுமே அளக்க வேண்டும்.

இவற்றில் சிலவற்றுக்குக் காலம் பிடிக்கும், குழு அமைக்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். மாதப் பட்டியலைப் பற்றிய கோரிக்கைக்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. அந்த எண்கள் ஏற்கெனவே உங்கள் ஆய்வகங்களின் பதிவேட்டில் இருக்கின்றன. அடுத்த மாதப் பட்டியலிலேயே தொடங்குங்கள். தொடங்க முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை எழுத்துப்பூர்வமாகப் பொதுமக்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மருந்துப் பகுப்பாய்வு கற்பிக்கும் ஓர் ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி